டொம் அன்ட் ஜெரிக்கு இன்னும் எத்தனை காலம்?

டொம் அன்ட் ஜெரி 1940இல் தொடங்கியது. என் அப்பாவை விட வயது கூடிய கார்ட்டூன். இதை இன்னும் புதிது புதிதாக எடுக்க வேண்டுமா, எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டுமா என்று எங்கள் வீட்டில் ஓயாத வாதம். அண்ணாவின் மகன் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், அவன் ‘எடுக்கத்தான் வேணும்’ கட்சி. அவனுடைய தங்கைக்கு 1967க்குப் பிறகு வந்த எதுவும் கணக்கில் இல்லை. நான் வன்னியில் விசுவமடுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மாரி மழையில் பிள்ளைகளை வெளியே விட முடியாத நாட்களில் மடிக்கணினியில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். மூன்று நான்கு வயதுக்காரர் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் எழும்பிப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் மதிப்பீடு அதை வைத்துத்தான்.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்.ஜி.எம். என்ற ஹொலிவூட் பட நிறுவனத்துக்காக 1940 முதல் 1958 வரை எடுத்த 114 குறும்படங்கள்தான் உண்மையான சரக்கு. அவற்றுக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. முதல் படத்தில் பூனையின் பெயர் டொம்கூட இல்லை, ஜாஸ்பர். ஸ்டூடியோவுக்குள் பெயர் வைக்கும் போட்டி நடத்தி, ஜோன் கார் என்ற ஓவியர் சொன்ன பெயர்களை எடுத்துக்கொண்டு அவருக்கு 50 டொலர் பரிசு கொடுத்தார்கள்.

இவற்றில் ஒன்றே ஒன்றைக் காட்டு என்றால் டொம் பியானோ வாசிக்கும் படத்தைத்தான் காட்டுவேன். 1946ஆம் ஆண்டுக்கான ஒஸ்கார் வாங்கிய படம். டொம் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்து லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் ‘இரண்டாவது ஹங்கேரிய ராப்சொடி’ என்ற பியானோ இசையை வாசிக்கத் தொடங்கும். பியானோவுக்குள் படுத்திருந்த ஜெரியின் நித்திரை குழம்பும். பிறகு நடப்பதெல்லாம் அந்த இசைக்குள்ளேயே நடக்கும்: அடி, துரத்தல், விரல் நசுங்குவது எல்லாம் தாளத்தில் வந்து விழும். எங்கள் பிள்ளைகள் பியானோவை நேரில் கண்டதில்லை. கோவிலில் ஹார்மோனியம் பார்த்திருப்பார்கள், சிலர் தேவாலயத்தில் ஓர்கன் பார்த்திருப்பார்கள். இருந்தும் அந்தப் படம் ஓடும்போது கால்கள் தானாக ஆடும். கடைசியில் டொம் களைத்து விழ, ஜெரி குட்டிக் கோட்டோடு வந்து கைதட்டை வாங்கிக்கொள்ளும் இடத்தில் எங்கள் வகுப்பும் சேர்ந்து கைதட்டும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இசையமைத்தவர் ஸ்கொட் பிராட்லி. அந்தக் காலப் படங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் அவர்தான். ஜெரி ஒரு படி இறங்கினால் ஒரு சுரம் இறங்கும். டொம்மின் அந்தப் பிரபலமான அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல். இதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். படத்தை எடுத்த மனிதரே மைக் முன்னால் நின்று கத்தியிருக்கிறார்! நாள் முழுக்க எங்கள் பிள்ளைகள் அதே மாதிரிக் கத்துகிறார்கள்.

அப்புறம், பேச்சு இல்லாதது. யுத்தத்தால் மூடிக்கிடந்த ஏ9 பாதை (கண்டி – யாழ்ப்பாண வீதி) 2002இல் திறந்த பிறகு சீடீக்கள் வன்னிக்குள் வரத் தொடங்கின. மின்சாரம் இல்லை. ஒரு வீட்டில் ஜெனரேட்டர் போட்டுப் படம் காட்டினால் அயல் முழுக்க வந்து முற்றத்தில் உட்காரும். பெரியவர்களின் படத்துக்கு முன்னால் சிறுவர்களுக்காக டொம் அன்ட் ஜெரி ஓடும். ஜெனரேட்டர் இரைச்சலில் சத்தம் ஒன்றும் கேட்காது. ஆனாலும் எல்லோரும் சரியான இடத்தில் சிரித்தோம். அம்மம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. அதன் இசையை நான் ஒழுங்காகக் கேட்டது யுத்தம் முடிந்து மீள்குடியேறி, ஊருக்கு மின்சாரமும் வந்த பிறகுதான். சத்தமே இல்லாமல் பார்த்தாலும் நிற்கிற படம், சத்தத்தோடு பார்த்தால் இன்னொரு மடங்கு. இப்படி எடுக்கப்பட்ட கார்ட்டூன் வேறு எதையும் நான் அறியேன். 1992இல் ஒரு முழுநீளப் படம் எடுத்து இருவரையும் பேசவும் பாடவும் வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஆங்கிலப் படம். அவ்வளவுதான், எழும்பிப் போய்விட்டார்கள்.

1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியது, எடுத்து முடித்திருந்த படங்கள் 1958 வரை வந்தன. பிறகு 1961, 62இல் ஜீன் டைச் என்பவர் பிராக் நகரத்தில் 13 படங்கள் செய்தார். சிறிய பணம், பழைய படங்களை அதிகம் பார்த்திராத ஓவியர்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் படங்கள் சிலவற்றில் ஒரு தடித்த மனிதர் எசமானாக வருவார். கோபத்தில் சிவந்துபோய் டொம்மைப் போட்டு அடிப்பார். ஜெரி அடித்தால் விழுந்து விழுந்து சிரிக்கும் பிள்ளைகள் அந்த மனிதர் அடிக்கும்போது பேசாமல் இருந்துவிட்டார்கள். ஒரு பிள்ளை என் மடிக்கு வந்துவிட்டது. எந்த அடி விளையாட்டு, எந்த அடி கோபம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. நான் அந்த 13ஐயும் காட்டுவதில்லை.

1963 முதல் 67 வரை சக் ஜோன்ஸ் என்ற இயக்குநர் எடுத்த 34 படங்கள் மருமகளின் உயிர். டொம்முக்குத் தடித்த புருவம், ஜெரிக்குப் பெரிய கண், அழகான நிறங்கள். உண்மையிலேயே அழகு. பெரியவர்கள் ரசிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேகம் போதாது.

அடிதடி பற்றித் தாய்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வி, எங்கள் ஊரில் இன்னும் நியாயம். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மம்மா, மடிக்கணினியில் டைனமைட் வெடித்த சத்தத்துக்கு எழும்பி நின்றுவிட்டா. அன்றிலிருந்து சத்தத்தைக் குறைத்துத்தான் போடுகிறேன். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடியவில்லை. தெரியாத பொருளைக் கண்டால் தொடக்கூடாது, பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிறோம். அதே பிள்ளைகளிடம் இரண்டு பேர் வெடிபொருளை மாறி மாறிக் கையில் திணித்து விளையாடும் படத்தைக் காட்ட முடியாது. டொம்முக்கும் ஜெரிக்கும் முதல் ஒஸ்காரை வாங்கித் தந்த 1943ஆம் ஆண்டுப் படம் அப்படிப்பட்டது, நிலவறைக்குள் ஒரு முழு யுத்தம். கலையாக அது எவ்வளவு உயர்ந்தாலும் எங்கள் வகுப்பில் அதற்கு இடமில்லை.

ஆனால் அடியையே எடுத்துவிடுவது மருந்தல்ல. 1975இல் தொலைக்காட்சிக்காக அப்படிச் செய்து பார்த்தார்கள். ஜெரிக்குக் கழுத்தில் சிவப்பு ‘போ’ டை கட்டி, இருவரையும் நண்பர்களாக்கி ஊர் சுற்ற விட்டார்கள். உப்பில்லாத கஞ்சி. எடுத்தவர்கள் அதே ஹன்னாவும் பார்பெராவும் தொடங்கிய நிறுவனம் என்பதுதான் வருத்தம்.

இன்னொரு குறை கட்டாயம் சொல்லவேண்டியது. பழைய படங்கள் சிலவற்றில் வெடித்து முகம் கருகியதும் அது கறுப்பின மக்களைக் கேலி செய்யும் உருவமாக மாறும். வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் காட்டும் விதமும் அந்தக் காலத்து அமெரிக்காவின் இழிவான பார்வைதான். வெளியிட்ட சில தொகுப்புகளில் இதுபற்றி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள், நல்லது. நிறத்தைச் சொல்லிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பகிடி பண்ணுவது எங்களிடமும் இருக்கிறது. அந்தக் காட்சிகளை முன்கூட்டியே பார்த்து ஒதுக்கிவிடுங்கள்.

இனி அந்த வாதத்துக்கு வருகிறேன். மருமகன் சொல்வது இதுதான்: “மாமி, புதுசு வராட்டில் பழசையும் ஆரும் தேடாயினம். புதுசைப் பார்த்துத்தான் சின்னனுகள் பழசுக்கு வருதுகள்.” இதில் பாதி சரி. 2014இல் தொடங்கிய புதிய தொடரைப் போனில் பார்த்துவிட்டுத்தான் பல பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அந்தத் தொடர் மோசமில்லை, கணினியில் வரைந்த சுத்தமான வேலை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு “எது திரும்பப் போடட்டும்?” என்று கேட்டால், பியானோதான். வாத்துக்குஞ்சு வரும் படம்தான்.

எனக்குத் தெரிந்த காரணம் எளிது. ஒவ்வொரு தை மாதமும் எங்கள் முன்பள்ளிக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு 1946 என்றால் என்ன, 2021 என்றால் என்ன? எல்லாம் இன்றைக்கு வந்த படம். பெரியவர்களின் தொடருக்குப் புதுக்கதை வேண்டும், பார்ப்பவர் அதே ஆள். சிறுவர் படத்துக்குப் பார்ப்பவரே மாறிக்கொண்டிருக்கிறார். அதனால் புதிதாக எடுப்பவர்கள் எடுக்கட்டும், தடுக்கமாட்டேன். ஆனால் இது தொடர்ந்து உயிரோடிருக்க அவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை அந்த 114ஐயும் நல்ல பிரதியாக, எல்லோர் கைக்கும் எட்டும்படி வைத்திருப்பது.

2021இல் வந்த முழுநீளப் படம் பற்றி இரண்டு வரி போதும். நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் யானை மயில் எல்லாம் வைத்து ஒரு பெரிய கலியாணம், உண்மையான நடிகர்கள், நடுவில் வரைந்த டொம்மும் ஜெரியும். மனிதர்களின் கதைதான் பெரும்பகுதி, டொம்முக்கும் ஜெரிக்கும் தங்கள் வீட்டிலேயே இடமில்லை.

முன்பள்ளி வயதுப் பிள்ளை இருக்கிறதென்றால் வாத்துக்குஞ்சு வரும் 1950களின் படங்களில் தொடங்குங்கள், பிறகு பியானோ, பிறகு குட்டி எலி நிபில்ஸ் வரும் படங்கள். ஒரு தடவைக்கு இரண்டு படம் போதும். போனை விடப் பெரிய திரை இருந்தால் அதில் போடுங்கள், டொம்மின் வாலையும் ஜெரியின் பொந்தையும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் பிள்ளைக்குச் சிரிப்பு வரும்.