இரைப்பை பைபாஸ், ஏழு வருடம் கழித்து: எடையும் முட்டி வலியும்

உடல் பருமனுக்கு பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் வருடத்தில் எழுதும் அனுபவங்கள் நிறையக் கிடைக்கின்றன. எல்லாமே ஒரே சந்தோஷமாக இருக்கும். ஏழு வருடம் ஆனவர்கள் அவ்வளவாக எழுதுவதில்லை. அதற்குள் கொஞ்சம் எடை திரும்பியிருக்கும், சொல்ல வெட்கமாக இருக்கும். எனக்கு அந்த வெட்கம் இல்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018-ல் மதுரையில் ஆபரேஷன். (பைபாஸ் என்றதும் எங்கள் தெருவில் பாதிப் பேர் எனக்கு நெஞ்சில் அடைப்பு என்று, சாகக் கிடப்பவர்களுக்கு ஓதும் யாசீனையே ஓதிவிட்டார்கள்.) அப்போது எடை 121 கிலோ. ஒன்றரை வருடத்தில் 78-க்கு வந்தேன். இன்றைக்கு 91. கீழக்கரையில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "ஆபரேஷன் பண்ணியும் ஏறிடுச்சே லாத்தா" என்று யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். நான் ஆபரேஷனுக்குப் போனது முட்டி வலி தாங்காமல். அதை யாரும் கேட்பதில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுவேன். மாடிப்படி என்றால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த படி. எக்ஸ்ரேயில் வலது முட்டியின் உள்பக்க இடைவெளி ஏறக்குறைய மூடியிருந்தது. எடை இறங்க ஆரம்பித்த சில மாதங்களிலேயே தரையில் நெற்றி வைத்து சுஜூது செய்ய முடிந்தது. அடுத்த ரமலானில் டாக்டர் நோன்பு வைக்க விடவில்லை. ஆனால் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முழுவதும் நின்றே தொழுதேன். இப்போதும் தரையில்தான் தொழுகிறேன். சுஜூதிலிருந்து எழும்போது மட்டும் இடது கையை ஊன்றி, வலது காலைச் சற்று வெளியே தள்ளித்தான் எழ வேண்டியிருக்கிறது. தராவீஹ் பாதி தாண்டினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். படி ஏறுவது சிரமமில்லை, இறங்கும்போது முட்டி முணுமுணுக்கும். பத்துக்கு மார்க் போட்டால் அன்று வலி ஒன்பது, நடுவில் இரண்டு, இப்போது நாலு.

ஏன் இப்படி என்பதற்குக் காரணம் உண்டு. முட்டித் தேய்மானம் உள்ள வயதானவர்களை நடக்க வைத்து அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்தது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது என்று அதில் கண்டார்கள். எனக்கு இன்றும் 30 கிலோ குறைவு, அதாவது அடிக்கு 120 கிலோ. 13 கிலோ திரும்பியும் வலி பழைய இடத்துக்குப் போகாததன் ரகசியம் இதுதான். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்வதில்லை. அதனால்தான் வலி பூஜ்யத்துக்கும் போகவில்லை.

என் கதை தனிக் கதையும் இல்லை. எடைக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்த லேப்ஸ்-2 என்ற அமெரிக்க ஆய்வில், உடல் வலி கணிசமாகக் குறைந்தவர்கள் முதல் வருடம் நூற்றுக்கு 58 பேர், மூன்றாம் வருடம் 49 பேர். ஸ்வீடனில் 1987-ல் ஆரம்பித்த பெரிய ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் பத்தாம் வருடத்தில் பழைய எடையைவிடச் சராசரியாக 25 சதவீதம் குறைவாக இருந்தார்கள். 121-லிருந்து 91 என்றால் கிட்டத்தட்ட அதே கணக்கு. ஒன்றிரண்டு வருடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம் ஏறுவதுதான் பெரும்பாலோருக்கும் வழக்கம். ஆஸ்பத்திரியில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே காட்டிய போட்டோக்களில் எல்லோரும் ஒல்லியாகவே இருந்தார்கள்.

இனி மாத்திரை விஷயம். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் மாதிரி வலி மாத்திரைகள் அந்த இணைப்பில் புண் உண்டாக்கும். ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். முன்பு முட்டிக்காக நான் தினமும் விழுங்கியதும் இதே ரகம்தான். கொரோனா சமயத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மருந்துக் கடையில் பாராசிட்டமால் கேட்டேன். "இது இன்னும் நல்லா கேக்கும்" என்று வேறொரு அட்டையை நீட்டினார் கடைக்காரர். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் பாராசிட்டமாலுக்கு முன்னால் அசெக்ளோஃபெனாக். அன்றிலிருந்து அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எந்த மாத்திரையும் வாங்குவதில்லை. பல் டாக்டரிடமும் முதலில் பைபாஸ் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அனுமதித்தது பாராசிட்டமால், முட்டியில் தடவ ஜெல், அப்புறம் தொடைக்குப் பயிற்சி. துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து அழுத்திப் பிடிக்கும் அந்தப் பயிற்சி மாத்திரையைவிட அதிகம் உதவுகிறது. என்ன, ஒரு வாரம் விட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று: காலில் வருகிற வலியெல்லாம் முட்டி வலி இல்லை. நடுவில் உள்ளங்கால் எரிச்சல் வந்தது. எடை ஏறியதால்தான் என்று உம்மா சொன்னார். ரத்தத்தில் பார்த்தால் பி12 மிகக் குறைவு. ஊசி போட்டதும் மெல்ல அடங்கியது. பி12, இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் தொடர வேண்டியவை.

எடை எப்படித் திரும்பியது? முதல் இரண்டு வருடம் இனிப்பு பக்கமே போக முடியாது. இரண்டு வாய் தொதல் தின்றால் படபடப்பு, வியர்வை, படுத்துவிட வேண்டியதுதான். பிறகு அது மட்டுப்பட்டது. மட்டன் இன்றும் நாலு துண்டுக்கு மேல் இறங்காது, நெஞ்சில் நிற்கும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் வட்டலப்பமோ வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கிண்ணம் காலியாகும்வரை வயிறு ஒரு வார்த்தை சொல்லாது. ஓட்டு மாவும் மிக்சரும் அப்படியே. சிறிய வயிறு கெட்டியான சாப்பாட்டைத்தான் நிறுத்தும். கஞ்சி, தேங்காய்ப்பால், கொறிக்கிற சமாச்சாரம் எதையும் நிறுத்தாது. நோன்பு மாதத்தில் எடை இறங்கும் என்று நினைப்பார்கள். எனக்கு ஏறுகிறது. இஃப்தாரில் நோன்புக் கஞ்சி சுலபமாக உள்ளே போகிறது, அதிலேயே பசி அடங்கிவிடுகிறது, மீனும் முட்டையும் ஒதுங்கிவிடுகின்றன.

புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும் என்றார் உணவு ஆலோசகர். சீலாவும் விளமீனும் கிடைக்கும் ஊரில் அது கஷ்டமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை எகிறிவிடும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுத் தட்டில் சோறு கூடும். என் எடை நோட்டைப் புரட்டினால் ஏற்றம் பெரும்பாலும் ரமலானிலும் தடைக்காலத்திலும்தான். இப்போது தடை வருவதற்கு முன்பே பாசிப்பயறும் முட்டையும் கணக்குப் போட்டு வாங்கிவைக்கிறேன்.

திரும்ப இந்த ஆபரேஷனைச் செய்துகொள்வேனா? முட்டிக்காக, கண்டிப்பாக. எடைக்காக மட்டும் கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். வலது முட்டியை ஒருநாள் மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் அவசரம் இல்லையாம். 2025-ல் நம் நாட்டுக்கும் வந்துவிட்ட வாராந்திர எடை ஊசிகளைப் பற்றியும் கேட்டேன். பைபாஸுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் கொடுக்கிறார்களாம். செலவு மாதாமாதம் வரும். முதலில் புரதத்தைச் சரிசெய்துவிட்டு, ரத்தப் பரிசோதனையோடு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஊசி போட ஆரம்பித்தால் அதைத் தனியாக எழுதுகிறேன்.