கடல்நீர்த் தொட்டிக்கு ‘முழு செட்டப்’ பேசி முன்பணம் கொடுக்கும் முன்

புதுச்சேரியிலோ கடலூரிலோ வீட்டில் பவளத்திட்டுத் தொட்டி, அதாவது கடைக்காரர்கள் ‘ரீஃப் டேங்க்’ என்று சொல்லும் கடல்நீர்த் தொட்டி, அமைக்க நினைப்பவர்கள் பணம் கைமாறும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தொட்டி, விளக்கு, மோட்டார், உப்பு, கல், மீன், ஓராண்டுப் பராமரிப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே தொகைக்குப் பேசி முடிக்கும் ‘முழு செட்டப்’ ஏற்பாட்டில், எந்தப் பொருளுக்கு எவ்வளவு பணம், அதைத் தயாரித்தவர் யார், அது எங்கிருந்து வந்தது என்ற விவரங்கள் எதுவும் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. எனக்கு நேர்ந்த இழப்பு முழுவதும் அந்த மறைப்புக்குள்தான் நடந்தது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. விவகாரம் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகவிருக்கிறது.

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி அமைப்பதாகப் பேச்சு. கல்லும் மணலும் போக ஏறத்தாழ 300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தொகை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். ஒரே வாரத்தில் மீன் விடலாம் என்றும், தண்ணீரைக் குளிரவைக்கும் ‘சில்லர்’ கருவி தேவையில்லை, மின்விசிறியே போதும் என்றும், மாதம் இருமுறை தம் கடைப் பையன் வந்து தண்ணீர் மாற்றிக் கொடுப்பான் என்றும் கடைக்காரர் உறுதியளித்தார். பணம் கொடுத்ததற்குக் கிடைத்தது, ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு ஒன்று; அதில் ‘மெரைன் செட்டப் – 1’ என்ற ஒரே வரி. பணமும் கடையின் கணக்குக்குப் போகவில்லை, அவருடைய உறவினர் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் போனது.

ஒரு வாரத்தில் மீன் விடலாம் என்ற வாக்குறுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கல்லிலும் மணலிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்ற, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை பெருகி நிலைபெறச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். கடல்நீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8.1 முதல் 8.4 வரை இருப்பதாலும், பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறுவதாலும், நன்னீர் மீன் தாக்குப்பிடிக்கும் அளவே இங்கே உயிரைப் பறித்துவிடும். எங்கள் தொட்டியில் லேபிள் இல்லாத புட்டியிலிருந்து எதையோ ஊற்றிவிட்டு, ‘சைக்கிள் முடிந்துவிட்டது’, அதாவது பாக்டீரியா நிலைபெற்றுவிட்டது, என்று சொல்லி நீல டேம்சல் மீன்களை விட்டார்கள். அம்மோனியா டெஸ்ட் கிட்டைக் கொண்டு வரவே இல்லை. மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடியபடியே ஒவ்வொன்றாகச் செத்தன. செத்ததற்குப் பதில் புதிய டேம்சல்களை ‘இலவசமாக’ விட்டதைக் கடைக்காரர் தமது பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டார். உண்மையில், மலிவான மீன்களை அம்மோனியாவுக்குப் பலியிட்டுத் தொட்டியைப் பக்குவப்படுத்துவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். புட்டியில் வரும் பாக்டீரியாவே பொய் என்று சொல்ல மாட்டேன். நல்ல தயாரிப்புகள் காலத்தைக் குறைக்கக்கூடும். ஆனால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வந்ததைக் கண்ணெதிரே சோதித்துக் காட்டாத எவருடைய சொல்லையும் ஏற்க வேண்டியதில்லை.

எப்படியோ அந்தக் கட்டம் கடந்து, இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள், காளான் வடிவ மென்பவளம் என்று தொட்டி ஓரளவு உருப்பெற்றது. பெரிய மோசடி இதற்குப் பிறகுதான்.

முதல் நிரப்புக்கு, வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ரீஃப் உப்பு வாளியை எங்கள் முன்னிலையிலேயே பிரித்தார்கள். மாவைப் போல நுண்ணியதாக, உலர்ந்து இருந்தது. 300 லிட்டருக்கு ஏறக்குறைய 11 கிலோ தேவைப்பட்டது. மீதியுடன் வாளி எங்கள் வீட்டிலேயே இருந்தது. குறையும்போது கடைப் பையன் எடுத்துச் சென்று நிரப்பிக் கொண்டு வருவார், அதற்கு மட்டும் தனிப் பணம், அதுவும் அந்த நிறுவனத்தின் விலையில். இரண்டாம் முறை வந்த உப்பு பரல் பரலாகவும் ஈரமாகவும் இருந்தது. கரைத்த டிரம்மின் அடியில் பழுப்பு வண்டல் தங்கியது. கேட்டபோது, மழைக்காலத்தில் உப்பு இறுகுவது இயல்பு என்றார்கள். உப்பு ஈரம் இழுப்பது உண்மைதான் என்பதால் அந்த விளக்கம் பொருத்தமாகவே தெரிந்தது.

சில வாரங்களில் மென்பவளம் விரியாமல் சுருங்கியே கிடந்தது. கல்லின் மேல் படர்ந்துவந்த ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி வெளுத்தது. நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன. கடைப் பையன் ஒவ்வொரு முறையும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, நீர்மட்டம் 1.025 என்ற கோட்டில் நிற்பதைக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சென்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கருவி நீரின் அடர்த்தியைத்தான் காட்டும். கரைந்திருப்பது என்ன உப்பு என்பதை அது அறியாது. அந்த இளைஞருக்கும் அவ்வளவுதான் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்; அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

கடலூரில் நெடுங்காலமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் தொட்டித் தண்ணீரையும், வாளியில் இருந்த உப்பில் கைப்பிடியளவையும் கொண்டு சென்றேன். இயற்கைக் கடல்நீரில் கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராம் அளவிலும், மெக்னீசியம் 1,280 அளவிலும், காரத்தன்மையைக் குறிக்கும் கேஎச் ஏழுக்குச் சற்று முன்பின்னாகவும் இருக்கும். பவளம் வளர்ப்போர் கேஎச்சை 7 முதல் 11 வரை வைத்திருப்பார்கள். எங்கள் தொட்டியில் கேஎச் மூன்றுக்கும் கீழே. வாளி உப்பைச் சுத்த நீரில் கரைத்துச் சோதித்தபோது, கேஎச் கிட்டின் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. அதாவது அளவிடத்தக்க காரத்தன்மையே இல்லை. கால்சியமும் பேருக்குத்தான் இருந்தது. நண்பர் நாவில் ஒரு பரலை வைத்துப் பார்த்துவிட்டு, “இது சமையலுக்கு ஆகும், தொட்டிக்கு ஆகாது” என்றார்.

இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சற்றும் தயங்காமல், “கடல்ல இருந்து வர்ற உப்புதானே சார், இதுல என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை, இங்கிருந்து வடக்கே ஈசிஆர் சாலையில் போனால் வரும் மரக்காணம் உப்பளங்களில் இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. கால்சியத்தின் பெரும்பகுதி இவ்விரண்டோடு போய்விடுகிறது. அதன் பிறகே சோடியம் குளோரைடு விளைகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் எஞ்சிய கசப்பு நீரில் தங்கிவிட, அந்த நீரை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். சமையல் உப்பு நல்ல உப்பாக இருப்பதற்குக் காரணமே, கடல்நீரில் இருந்த மற்றவை அதில் இல்லை என்பதுதான். பவளத்துக்கும் நத்தைக்கும் சுண்ணாம்புப் பாசிக்கும் வேண்டியவையோ அந்த மற்றவை. மேலும், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா தன் வேலையின்போது காரத்தன்மையைச் செலவழிக்கிறது. புதிதாக ஊற்றும் நீரில் அது இல்லையென்றால் பிஎச் சரிந்துகொண்டே போகும். எங்கள் தொட்டியில் நடந்தது இதுவே. ரீஃப் உப்பு கிலோ சில நூறு ரூபாய். பரல் உப்பின் விலை எல்லாரும் அறிந்தது. வாளி பழையது, உள்ளே இருந்தது வேறு.

எனவே, உப்பை மூடி பிரிக்காத நிலையில் மட்டும் வாங்குங்கள். நிரப்பிக் கொடுக்கும் வாளி வேண்டாம். கேஎச் கிட் ஒன்றும், உப்பின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றும், அதைச் சரிபார்க்க 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவமும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இவை மூன்றுக்கும் ஆகும் செலவு, மொத்தத் தொகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிதே இல்லை.

பராமரிப்பிலும் குறை இருந்தது. ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்ய உப்பில்லாத ஆர்ஓ நீரைத்தான் ஊற்ற வேண்டும், ஏனெனில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். பராமரிப்புக்கு வந்தவரோ உப்புநீரையே ஊற்றிவந்தார்; அப்படிச் செய்தால் உப்பின் செறிவு ஏறும். சில்லர் வேண்டாம் என்ற ஆலோசனையும் இந்த ஊருக்குப் பொருந்தாது. பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி வரை ஏற்றது. மின்விசிறி, நீரை ஆவியாக்கித்தான் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்த நம் கடற்கரையில் அது அரைகுறையாகவே வேலை செய்யும். சித்திரை வெயிலில் எங்கள் தொட்டி 31 டிகிரியைத் தாண்டியது.

இடையில் ‘அபூர்வ வெள்ளை ரகம்’ என்று சொல்லி அனிமோன் ஒன்றை, கடற்சாமந்தி என்று நாம் சொல்கிறோமே, அதை அதிக விலைக்குக் காட்டினார்கள். நண்பரிடம் படம் அனுப்பிக் கேட்டதால் வாங்கவில்லை. பால் வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் ரகமே அல்ல. உடலுக்குள் இருந்து உணவூட்டும் நுண்பாசிகளை இழந்து வெளுத்த உயிர் அது. அடர் மஞ்சளாகவோ பளீரென்ற இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சாயம் ஏற்றியதாகவும் இருக்கலாம். கோமாளி மீனுக்குத் தொட்டியில் அனிமோன் கட்டாயமில்லை. தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன்களைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இவற்றை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கும்போது, கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய தேவை இல்லை.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய கல் விவகாரம். ‘லைவ் ராக்’, அதாவது நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்கல், என்று சொல்லிக் கிலோ கணக்கில் வைத்த கற்களில் பலவற்றின் மேல் நட்சத்திர வடிவில் நெருக்கமான குழிகள் இருந்தன. கடலூர் நண்பர் வீட்டுக்கு வந்து பார்த்த உடனே, அவை கல் அல்ல, பவளப் பூச்சிகள் குடியிருந்த எலும்புக்கூடு என்றார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் திட்டுக் கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 முதல் இடம்பெற்றிருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும் எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். அந்த அட்டவணையில் உள்ளவற்றுக்கான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கற்கள் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வருவதாகக் கடைப் பையன் முன்பு இயல்பாகச் சொல்லியிருந்தார். அங்கே ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதே அந்தப் பவளத்தைக் காப்பதற்காகத்தான்.

உப்பு மோசடிக்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கடைக்காரர் இந்தக் கற்களையே எனக்கெதிராக எடுத்துப் பேசினார். “கம்ப்ளெய்ன்ட் குடுங்க சார், தாராளமா குடுங்க. உங்க வீட்ல இருக்கறது என்னன்னு அவங்களும் வந்து பாக்கட்டும்” என்றார். சட்டவிரோதமான சரக்கை வாடிக்கையாளர் வீட்டில் வைத்துவிட்டால், அந்த வாடிக்கையாளர் எந்த அலுவலகத்துக்கும் போக அஞ்சுவார் என்பது இந்த வியாபாரத்தின் கணக்கு. பலர் இதனால்தான் வாய் மூடி இருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன்.

அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, இத்தகைய பொருள் ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதற்குரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. கற்களின் தன்மை தெரிந்த மறுநாளே, படங்களையும் எஸ்டிமேட் சீட்டின் நகலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இணைத்து வனத்துறையிடம் எழுத்துமூலம் தெரிவித்தேன். அவர்கள் வந்து பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு கற்களை எடுத்துச் சென்றார்கள். உங்கள் தொட்டியில் இப்படி ஏதேனும் இருப்பதாக ஐயம் எழுந்தால், இரவோடு இரவாகக் கடலில் கொண்டுபோய்ப் போட வேண்டாம், கடைக்கே திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். முதலில் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள், தொட்டிக்கென்றே செய்யப்படும் பீங்கான் அல்லது சிமென்ட் கற்களைப் பில்லோடு வாங்கலாம். பாக்டீரியா அவற்றிலும் குடியேறும், சற்றுக் காலம் கூடுதலாக ஆகும், அவ்வளவே.

நுகர்வோர் புகாரைப் பொறுத்தவரை, 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். கடையிலிருந்து பதில் இல்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் பதிவு செய்யலாம். குறை நேர்ந்ததிலிருந்து இரண்டாண்டுக்குள் செய்ய வேண்டும். முறையான பில் இல்லாததைக் கடைக்காரர் தமக்குச் சாதகமென்று நினைக்கிறார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளில் உப்பின் பெயரும் விலையும் அவர் வாயாலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றை எழுத்தாக்கி வக்கீல் நோட்டீசுடன் அனுப்பியிருக்கிறோம். வாளியில் மிஞ்சிய உப்பை நண்பர் முன்னிலையில் கட்டி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

இதே போல வாளியை எடுத்துச் சென்று நிரப்பிக் கொடுக்கும் கடையில் உப்பு வாங்கியவர்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடாமல் ஈரம் படாத டப்பாவில் போட்டு வையுங்கள். கேஎச் கிட் இல்லாதவர்கள் ஒரு குவளை உப்போடு வந்தால், எங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.