ரெப்ளிகா கோப்ரா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

31,000 டாலர் போயே போச்சு. எனக்கு ஒரு ரெப்ளிகா காரை விற்ற ஆளிடம் வேறு யாரும் மாட்டக்கூடாது என்றுதான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

1962-ல் வந்த அசல் ஷெல்பி கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார்கள் மொத்தமே சுமார் ஆயிரம்தான். அலுமினியம் பாடி, நம் கைக்கு எட்டாத விலை. அதனால்தான் ஃபைபர் பாடி போட்டு வீட்டிலேயே கட்டிய ரெப்ளிகாக்களைத் தேடுகிறோம். பழைய கார்களை விற்கும் ஓர் இணையதளத்தில் இதைப் பார்த்தேன். 351 கன அங்குல எஞ்சின், 400 குதிரைத்திறன் என்று போட்டிருந்தார்.

நேரில் போனபோது ஒரு தடிமனான ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். கார் கட்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் படம், பில். "மகனுக்காகக் கட்டினது, ஒரு போல்ட்டில்கூடக் கஞ்சத்தனம் பண்ணலை" என்றார். அந்த ஃபைலைப் பார்த்துத்தான் நம்பினேன். முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

ரோட்டில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலே போதும், ஸ்டீயரிங்கைத் தொடாமலே வண்டி பக்கவாட்டில் பாய்கிறது. மெக்கானிக் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டினார். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக் தப்பான உயரத்தில் இருக்கிறது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் என்ற கம்பி சக்கரத்தைத் தள்ளுகிறது. வெல்டிங் மேலாக ஒட்டியிருக்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. ஒரு பிராக்கெட்டின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். எக்ஸாஸ்ட்டை உரசியபடி பெட்ரோல் ஹோஸ் போகிறது! உயிரோடு விளையாடியிருக்கிறார்.

எஞ்சினும் 351 இல்லை, பழைய 302. குதிரைத்திறனை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றினால் பின்சக்கரத்தில் 172 குதிரைத்திறன். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வரும் வழியில் ஓரளவு இழப்பு இருக்கும்தான், அதற்காக 400 இப்படியா தேயும்?

அப்புறம்தான் அந்தப் படங்களை மறுபடி பார்த்தேன். படத்தில் இருப்பது உருண்டைக் குழாயில் செய்த சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம். என் காருக்கு அடியில் இருப்பது சதுரக் குழாய். சதுரக் குழாயில் தப்பில்லை, நல்ல ரெப்ளிகாக்களிலும் உண்டு. ஆனால் அந்தப் படங்கள் வேறு காரோடவை!

போன் செய்தால், "கையால கட்டின வண்டி, கம்பெனி கார் மாதிரியா இருக்கும்?" என்றார். அடுத்த முறை, "உங்களுக்கு வி8 ஓட்டத் தெரியலை." அதற்கப்புறம் எடுப்பதே இல்லை. இணையதளத்துக்கு எழுதினால், தனிநபர்களுக்குள் நடந்த விற்பனை, நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டே வரி. விளம்பரம் போடக் காசு வாங்கும்போது மட்டும் பொறுப்பு இருந்ததா? சேஸியைச் சரிசெய்வதைவிடப் புதிதாகக் கட்டுவதே மேல் என்கிறார் மெக்கானிக். ஆக 31,000 டாலரும் ஷெட்டில் கிடக்கிறது.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். லிஃப்ட்டில் ஏற்றாமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். எஞ்சின் எது என்று தெரிய, எஞ்சின் பிளாக்கில் இருக்கும் வார்ப்பு எண்ணைப் பாருங்கள். டைனோ சீட்டு கேளுங்கள். ஃபைலைக் காட்டினால் படத்தையும் சேஸியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.