கூகுள் பேட்டன்ட்ஸ்: மிரட்டல் கடிதம் வந்த புரோகிராமருக்கு எவ்வளவு உதவும்?

2011இல் லாட்சிஸ் என்ற அமெரிக்க நிறுவனம், ஐபோன் செயலி எழுதும் சிறு புரோகிராமர்களுக்கு வரிசையாகக் கடிதம் அனுப்பியது. செயலிக்குள் ‘முழுப் பதிப்புக்கு மாறு’ என்று பட்டன் வைத்திருக்கிறீர்கள், அது எங்கள் காப்புரிமை, அமெரிக்க வருமானத்தில் 0.575% கொடுங்கள் என்பதுதான் விஷயம். இப்படியொரு கடிதம் வந்தால் முதலில் திறக்க வேண்டிய தளம் கூகுள் பேட்டன்ட்ஸ். 2006இல் வந்தது. காசு கிடையாது, லாகின் வேண்டாம், நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமை அலுவலகங்களின் ஆவணங்கள் இருக்கின்றன. படிக்க இதைவிட வசதியான தளம் இல்லை. காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற சட்ட நிலவரம் பார்க்க மட்டும் இதை நம்பாதீர்கள்.

கடிதத்தில் உள்ள எண்ணை யு.எஸ். என்ற நாட்டுக் குறியோடு தேடுங்கள். லாட்சிஸ் காட்டிய ஒன்று 7222078. தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். உரிமையின் எல்லையைத் தீர்மானிப்பது ‘கிளெய்ம்’ பகுதிதான். பெரிய திரையில் இடப்பக்கம் விளக்கவுரை, வலப்பக்கம் கிளெய்ம் என்று எதிரெதிரே வைத்திருப்பது இந்தத் தளத்தின் அருமையான ஏற்பாடு. கிளெய்மில் புரியாத சொல் வந்தால் விளக்கவுரையில் அதற்கு என்ன பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்று உடனே பார்த்துவிடலாம்.

முதல் கிளெய்மைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரு தாளில் எழுதுங்கள். மேற்படி காப்புரிமையில் பல இடங்களில் உள்ள பயனர்களின் கையில் பொருள், அதில் ஒரு இடைமுகம், அந்தப் பொருளைப் பற்றிப் பயனர் என்ன நினைக்கிறார் என்று கேட்டு வாங்குவது, பதிலைச் சேமிக்கும் நினைவகம், மைய இடத்துக்கு அனுப்பும் வழி, எல்லாவற்றையும் அங்கே திரட்டும் பகுதி என்று வரும். உங்கள் நிரலில் இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கிளெய்ம் பொருந்தாது. வெறும் அப்கிரேட் பட்டன் பயனரின் கருத்தைக் கேட்கிறதா என்ன? விளக்கவுரையைப் படித்தால் ஃபேக்ஸ் இயந்திரம் வாங்கியவரிடம் கருத்துக் கேட்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். ஆனால் முதல் கிளெய்மோடு நிறுத்தாதீர்கள். வேறு கிளெய்மைச் சாராமல் தனித்து நிற்கும் கிளெய்ம் ஒவ்வொன்றையும் இதே மாதிரி நறுக்க வேண்டும்.

அடுத்தது தேதி. பிரையாரிட்டி தேதி, அதாவது முதல் விண்ணப்பம் போட்ட தேதி, 1992. இந்த யோசனை முன்பே இருந்தது, அதனால் காப்புரிமை செல்லாது என்று காட்டப் பழைய ஆதாரம் தேடினால், அது அந்தத் தேதிக்கு முந்தையதாக இருந்தால்தான் எடுபடும். காப்புரிமை வழங்கப்பட்ட 2007ஐ வைத்துத் தேடி நேரத்தை வீணாக்குபவர்கள் நிறைய. ஆயுளும் முதல் விண்ணப்பத்திலிருந்து 20 ஆண்டு என்பதால், இது 2012இல் காலாவதி. ‘எக்ஸ்பயர்ட்’ என்று பார்த்ததும் நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி: செத்த காப்புரிமையை வைத்தும், அது உயிரோடு இருந்த காலத்து மீறலுக்கு, வழக்கு போடும் நாளிலிருந்து 6 ஆண்டு பின்னோக்கி அமெரிக்காவில் இழப்பீடு கேட்கலாம். இதைத் தளம் சொல்லாது.

தளம் காட்டும் நிலவரம் வெறும் ஊகம் என்று அவர்களே அங்கே எழுதியிருக்கிறார்கள். 3.5, 7.5, 11.5 ஆண்டுகளில் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் கட்டப்பட்டதா என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் சொந்த இணையதளத்தில்தான் உறுதி செய்ய வேண்டும். பக்கத்தின் கீழே குடும்பப் பட்டியலையும், அதாவது ஒரே மூல விண்ணப்பத்திலிருந்து கிளைத்தவற்றின் பட்டியலையும், பாருங்கள். கட்டணம் கட்டாமல் தாய்க் காப்புரிமை போயிருந்தாலும் அதன் தொடர் விண்ணப்பங்கள் உயிரோடு இருக்கலாம்.

பழைய ஆதாரம் தேடுவதில்தான் தளம் கோட்டை விடுகிறது. பிரையாரிட்டி தேதிக்கு முன் என்று வடிகட்டலாம், கட்டுரைகளையும் சேர்த்துத் தேடும் வசதி உண்டு, ‘ஒத்த ஆவணங்கள்’ பட்டியலும் உண்டு. ஆனால் மென்பொருளில் பழைய சங்கதிகள் கையேட்டிலும் மூல நிரலிலும் ஆய்வேட்டிலும் கிடக்கின்றன. பெர்சனல் ஆடியோ நிறுவனம் பாட்காஸ்ட் முழுவதற்கும் சொந்தம் கொண்டாடிய 8112504 எண் காப்புரிமையை எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2013இல் காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்த்தபோது காட்டியவை, சி.என்.என். செய்தித் தொகுப்பையும் கனடாவின் சி.பி.சி. வானொலியையும் இணையத்தில் ஏற்றியது பற்றிய எழுத்துகள். எதிர்க்கப்பட்ட கிளெய்ம்கள் 2015இல் விழுந்தன. அந்த மாதிரிச் சரக்கைத் தேட பல்கலைக்கழக ஆய்வேட்டுக் களஞ்சியமும் இணையக் காப்பகமும்தான் கதி. கிடைத்தாலும் அந்த வழியில் எதிர்க்க அரசுக் கட்டணமே பல்லாயிரம் டாலர். வக்கீல் செலவு தனி.

இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலை நிரலாகவே காப்புரிமை செய்ய விடாது என்று சென்னையில் இருப்பவர் தைரியமாக இருக்கலாம். செயலியை அமெரிக்காவில் விற்றால் அங்கே அந்த ஊர்ச் சட்டம்தான்.

தளம் நன்றாக இருக்கிறதே என்று பொழுதுபோக்காக மேயாதீர்கள். ஒரு காப்புரிமை இருப்பது தெரிந்தே மீறினீர்கள் என்று நிரூபிக்கப்பட்டால் அமெரிக்க நீதிமன்றம் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். படிக்கவே படிக்காதே என்று பல கம்பெனி வக்கீல்கள் பொறியாளர்களிடம் சொல்வது அதனால்தான். கடிதம் வந்துவிட்டால் ‘தெரியாது’ என்று சொல்லும் வாய்ப்பு போய்விட்டது, அப்போது தாராளமாகப் படிக்கலாம். படித்ததைப் பற்றி நண்பர்களின் குழுவில் “அய்யோ, அப்படியே நம்ம கோடு மாதிரியே இருக்கு” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வழக்கில் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கும் ஆவணங்களில் அதுவும் வரும்.