சத்தியப்பிரமாணம் முதலா, வாக்கெடுப்பு முதலா?

பாராளுமன்ற முறையில் ஒருவர் பிரதமராவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, முதலில் பதவியேற்றுவிட்டுப் பெரும்பான்மையை அப்புறம் காட்டுவது. மற்றது, சபையில் வாக்கு வாங்கிய பிறகே பதவியேற்பது.

இலங்கை, இந்தியா, பிரித்தானியா எல்லாம் முதல் வகை. நம் ஜனாதிபதி நிறைவேற்று அதிகாரமும் உள்ளவர் என்பதால் இங்கே அவருடைய கை இன்னும் ஓங்கியிருக்கிறது. பாராளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று அவர் நினைக்கிறாரோ அவரை நியமிக்கலாம். தலை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த வழியில் வேகம் உண்டு. 2022 மே 9 மஹிந்த ராஜபக்ஷ விலகினார். மே 12 ரணில் விக்ரமசிங்க பதவியேற்றார். அவருடைய கட்சிக்கு அப்போது இருந்தது ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம். தெளிவான வெற்றி இருந்தால் எந்த வழியானாலும் ஒன்றுதான். 2024 நவம்பரில் 159 ஆசனங்கள் கையில் இருக்க, ஹரிணி அமரசூரிய பதவியேற்றதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

சிக்கல், பெரும்பான்மை இழுபறியாக இருக்கும்போதுதான். 2018 ஒக்டோபர் 26 இரவு அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கி மஹிந்தவை நியமித்தார். மறுநாளே பாராளுமன்றம் நவம்பர் 16 வரை ஒத்திவைக்கப்பட்டது. சத்தியப்பிரமாணத்துக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி. அந்த இடைவெளி எதற்குப் பயன்பட்டது என்று மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மாவட்டத்தின் ஐந்து ஆசனங்களில் மூன்றைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றிருந்தது. அந்த மூவரில் ஒருவரான வியாழேந்திரன் நவம்பர் 2ஆம் திகதி அணி மாறிப் பிரதியமைச்சரானார். கூட்டமைப்புக்கு விழுந்த வாக்கு, சபை கூடும் முன்னரே இடம் மாறிவிட்டது. பிறகு உயர் நீதிமன்றம் வரை போய், டிசம்பர் 16 ரணில் மறுபடி பதவியேற்கும்வரை நாடே தத்தளித்தது.

நேபாளத்தில் கூட்டணிப் பிரதமர் பதவியேற்று 30 நாளுக்குள் நம்பிக்கை வாக்குப் பெற வேண்டும். கெடு இருப்பது நல்லதே. ஆனால் பேரம் பேச 30 நாள் தாராளம்.

இரண்டாவது வழியில் ஜேர்மனி பெயர் பெற்றது. நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த பிறகே சான்சலருக்கு, அதாவது அங்கத்தைய பிரதமருக்கு, நியமனம். 2025 மே 6 அன்று சான்சலர் பதவிக்கு நின்ற மெர்ஸின் கூட்டணிக்கு 328 ஆசனங்கள் இருந்தும் முதல் சுற்றில் கிடைத்தது 310, தேவை 316. அன்றே இரண்டாம் சுற்றில் 325 பெற்றார். சபையை மீறி எவரும் உள்ளே வர முடியாது என்பது இதன் பலம். ஆனால் வாக்களிப்பு இரகசியம். கைவிட்டது யார் யார் என்று வெளியே தெரியாது. இது எங்களுக்குச் சரிவராது. களுவாஞ்சிக்குடியில் வாக்குப் போட்டவர் தன் உறுப்பினரைப் பார்த்து "நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்கினீர்கள்?" என்று கேட்க முடியாவிட்டால், கட்சி தாவல் இன்னும் இலகுவாகிவிடும்.

சுவீடன் வழி வேறு. மன்னருக்கு இதில் வேலையே இல்லை. பெயரை முன்மொழிபவர் சபாநாயகர். ஆதரவுப் பெரும்பான்மையும் கட்டாயமில்லை. 349 பேரில் 175 பேர் எதிர்த்தால் மட்டும் தோல்வி. 2021 நவம்பரில் மக்டலெனா ஆண்டர்சனுக்கு ஆதரவு 117, எதிர்ப்பு 174. ஒரு வாக்கு வித்தியாசத்தில் தேறினார். தொங்கு சபையிலும் ஆட்சி அமைந்துவிடும் என்பது வசதிதான். ஆனால் வராமல் இருப்பதும், வாக்களிக்காமல் இருப்பதும் அங்கே ஆதரவுக்குச் சமம். சங்கடமான நாளில் கொழும்பில் இருந்துகொண்டே சபைப் பக்கம் போகாத உறுப்பினருக்கு அது நல்ல மறைவிடம்.

ஆகவே என் தெரிவு இதுதான்: ஜேர்மனியைப் போல வாக்கெடுப்பு முதலில், சத்தியப்பிரமாணம் பிறகு. ஆனால் வாக்கெடுப்பு பகிரங்கமாக, பெயர் கூப்பிட்டு நடக்க வேண்டும். வராதவர் பெயரும் பதிவாக வேண்டும். நாலைந்து நாள் தாமதமாகலாம், ஆகட்டும். மட்டக்களப்பின் ஐந்து பேரும் திகாமடுல்லையின் (அம்பாறை) ஏழு பேரும் யாரைப் பிரதமராக்கினார்கள் என்பது, அமைச்சுப் பதவிகள் பங்கிடப்படும் முன்னரே கல்முனைச் சந்தையில் நிற்பவருக்கும் தெரிந்திருக்கும்.