கரையைக் கட்டுவதா, விலகி நிற்பதா? டூசான் பாலை ஆறுகள்

அரிசோனாவின் டூசான் நகர ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். 1983 அக்டோபர் வெள்ளத்தில் வீடுகளைச் சாய்த்தது பெரும்பாலும் கரை அரிப்பே. வளைவின் வெளிப்புறத்தில் நீரோட்டம் அடிமணலைப் பறிக்கும். தாங்கலிழந்த செங்குத்துக் கரை பாளம்பாளமாகச் சரியும். வெள்ளம் வடியும்போதும் ஈரக்கனத்தில் சரிவு தொடரும்.

மண்-சிமென்ட் கரை: ஆற்று மணலிலேயே சிமென்ட் கலந்து, சுமார் 8 அடி அகல அடுக்குகளைப் படிபோல் ஏற்றி இறுக்குவார்கள். 7 நாள் ஈரம் காக்க வேண்டும். பாலை வெயிலில் இதைத் தவறவிட்டால் மேற்பரப்பு பொடியும். அடித்தளம் அரிப்பு ஆழத்துக்கும் கீழே போகாவிட்டால் சுவரே குடையப்பட்டு விழும். நீர் வரும் பக்கத்துச் சுவர் முனையைக் கரைக்குள் திருப்பிப் புதைக்காவிட்டால் ஆறு பின்பக்கமாகப் புகும். இன்னொன்று, கட்டாத எதிர்க்கரை கூடுதலாக அடிவாங்கும்.

விலகி நிற்பது: காப்பில்லாத பெரிய ஆறுகளில் கட்டடம் கரையிலிருந்து 500 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது டூசான் அமைந்துள்ள மாவட்டமான பீமா கவுன்டியின் விதி. ஆறு அகலமாகி வேகம் தணிய இடம் கிடைக்கும். கூர்மையான வளைவில் இந்தத் தூரத்தை நம்பக்கூடாது.

பாலமும் வீடும் ஏற்கெனவே இருந்தால் மண்-சிமென்ட்டைத் தவிர வழி குறைவு. வெற்று நிலமென்றால் விலகுவதே சரி.