இடறுகம்பியும் யானை முதுகும்: சாம்பியன், மா. கிருஷ்ணன் – இரு வழிகளின் ஒப்பீடு

காட்டுயிர் ஒளிப்படக்கலை என்றாலே பேச்சு லென்சின் நீளத்துக்கும் கேமராவின் விலைக்கும் போய்விடுகிறது. அவற்றையெல்லாம்விட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: படம் பதிவாகும் நொடியில் அதை எடுப்பவர் அந்த இடத்தில் இருக்க வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு இந்தியக் காடுகளில் இருவர் நேரெதிரான விடைகளைத் தந்தனர். ஒருவர் இமயமலையடிவாரத்தில் பணியாற்றிய ஆங்கிலேய வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், மற்றவர் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன். இருவரும் காட்டைக் காக்கவே கேமராவை எடுத்தவர்கள் என்பதால்தான் இந்த ஒப்பீடு பொருளுடையதாகிறது.

சாம்பியன் 1893இல் பிறந்தார். 1913இல் காவல் துறைப் பணிக்காக இந்தியா வந்து, முதல் உலகப் போருக்குப் பிறகு ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட்) வனத்துறையில் சேர்ந்தார். இந்தியக் காடுகளை வகை பிரித்துத் தந்த ஹாரி சாம்பியன் இவருடைய அண்ணன். வன அதிகாரி என்றால் புலி சுட்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்த காலத்தில், இவர் பொழுதுபோக்கு வேட்டையை வெறுத்து, சிவாலிக் மலைக்காடுகளில் கேமராவுடன் அலைந்தார். பகலில் யானை மீதிருந்தும் படம் எடுத்தார் என்றாலும், அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது இரவு முறைதான். விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அதை மறைத்து வைத்த கேமராவோடும் மக்னீசிய வெளிச்சக் கருவியோடும் இணைத்துவிட்டு அவர் கூடாரத்துக்குத் திரும்பிவிடுவார். கம்பியில் கால் இடறும் நொடியில் புலி தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும். மருந்து ஒருமுறைதான் எரியும். முள்ளம்பன்றியோ கழுதைப்புலியோ முதலில் வந்துவிட்டால் அந்த இரவு அதனுடையது. 1925 அக்டோபரில் இலண்டனின் படச் செய்தி வார இதழ் ஒன்று அவருடைய புலிப் படங்களை வெளியிட்டபோது, சுதந்திரமாகத் திரியும் புலியின் தெளிவான முகத்தை வாசகர்கள் ஏறக்குறைய முதன்முறையாகக் கண்டனர். அதுவரை அவர்கள் பார்த்திருந்ததெல்லாம் வேட்டைக்காரரின் காலடியில் கிடத்தப்பட்ட புலி.

கிருஷ்ணனின் வழி இதற்கு முற்றிலும் மாறானது. தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் கடைசியாக 1912இல் பிறந்த அவர், தாவரவியலும் சட்டமும் படித்து, சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர் முதல் நீதிபதி வரை பல பொறுப்புகளை வகித்து, பின்பு சம்பள வேலை எதையும் நாடாமல் எழுத்தையும் படத்தையும் மட்டும் நம்பிச் சென்னையில் வாழ்ந்தார். காட்டில் கால்நடையாகவோ, பழக்கிய யானையின் முதுகிலோ, பெரும்பாலும் பகல் வெளிச்சத்தை நம்பி, கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுத்தார். ஒரு நிறுவனத்தின் உடலையும் வேறொன்றின் லென்சையும் தம் கையாலேயே பொருத்திக்கொண்ட கனத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். அது அழகான கருவியன்று. ஆனால் அதைத் தூக்கியவர் ஒரு யானைக்கூட்டம் கலையும்வரை அதன் அருகிலேயே இருந்தார்.

இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். சாம்பியனின் இரவுப் படத்தில் புலியைத் தவிர எல்லாம் இருள். தூக்கிய முன்னங்கால், ஒளிரும் கண், விலாவில் ஒவ்வொரு வரியும் எண்ணும்படியான தெளிவு. கிருஷ்ணனின் யானைப் படங்களிலோ விலங்கு எங்கே நிற்கிறது, எதைத் தின்கிறது, குட்டி யாருடைய கால்களுக்கிடையே ஒதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்து வருகின்றன. முன்னது ‘இது யார்’ என்று சொல்கிறது. பின்னது ‘இது எப்படி வாழ்கிறது’ என்று சொல்கிறது.

விலங்குக்கு நேரும் தொந்தரவைக் கணக்கிட்டால், மனிதன் இல்லாத முறையே மேல் என்று முதலில் தோன்றும். ஆனால் நள்ளிரவில் முகத்துக்கு நேரே வெடிக்கும் மக்னீசிய வெளிச்சம் எந்தப் புலிக்கும் இனிமையாக இருந்திருக்காது. யானை மீது வரும் மனிதனைப் பல விலங்குகள் பொருட்படுத்துவதில்லை. கால்நடையாக வருபவனையோ அவை உடனே உணர்ந்துவிடும். ஆகவே கிருஷ்ணனின் முறை, எப்போது பின்வாங்க வேண்டும் என்று அறிந்தவருக்கு மட்டுமே உரியது. இன்றைய சுற்றுலா ஜீப்புகளில் அந்த அறிவைக் காண முடியாமல் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

அறிவியல் பயன் என்று வந்தால் சாம்பியனின் வழி வென்றுவிட்டது. இதில் தயக்கத்துக்கே இடமில்லை. ஒவ்வொரு புலியின் வரியும் வேறு என்பதை அவர் தம் படங்களைக் கொண்டே காட்டினார். கால்தடங்களை வைத்துக் கணக்கிட்ட பழைய முறையைக் கேள்விக்குள்ளாக்கி, கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் தானியங்கி கேமராக்களைக் கொண்டு புலிகளை மதிப்பிட்டதும் அந்த உண்மையை அடித்தளமாகக் கொண்டுதான். இன்று காட்டுத்தடத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் இரு கேமராப் பெட்டிகளைக் கட்டுகிறார்கள்; ஒரே புலியின் இட விலா வரிகளும் வல விலா வரிகளும் ஒத்திருப்பதில்லை என்பதால் இரண்டும் தேவை. 2018ஆம் ஆண்டு இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைத்த கேமராக்கள் 3.48 கோடிக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தன. அவற்றில் 76,651 படங்களில் மட்டுமே புலி இருந்தது. இத்தனையையும் எந்த மனிதனும் காட்டில் உட்கார்ந்து எடுத்திருக்க முடியாது. எனினும், 1960களின் இறுதியில் நேரு ஆய்வு நல்கையுடன் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் காடு காடாகச் சென்று கிருஷ்ணன் பதிவு செய்தபோது, நடத்தையையும் வாழிடச் சீரழிவையும் பற்றி அவர் சேர்த்த குறிப்புகளை எந்தப் பெட்டியும் தந்திருக்காது.

செயல்பாட்டாளர்களாக இருவரையும் நிறுத்திப் பார்க்கும்போதுதான் என் சாய்வு உறுதியாகிறது. சாம்பியன் அரசுக்குள் இருந்தவர். துப்பாக்கி உரிமங்களைக் குறைக்கவும், காப்புக்காடுகளுக்குள் மோட்டார் வண்டிகளைக் கட்டுப்படுத்தவும் வாதாடினார். அவருடைய படங்களைக் கண்டே, ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் பெயர்பெற்ற ஜிம் கார்பெட் கேமராவின் பக்கம் திரும்பினார். 1936இல் அந்த இமயமலையடிவாரத்தில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா (இன்றைய கார்பெட் பூங்கா) உருவாயிற்று. இவை பெரிய சாதனைகள். ஆனால் 1947இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றதும் அந்தக் குரல் இங்கே நின்றுபோனது. கிருஷ்ணன் அரசுக் குழுக்களில் இடம்பெற்றபோதும் யாருக்கும் கடமைப்படாதவராகவே இருந்தார். நம் மண்ணுக்குரிய மரங்களை ஒதுக்கிவிட்டு அயல் மரங்களை நடுவதை எதிர்த்தார். புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே அக்கறையோடு தெருக்காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். தமிழிலும் எழுதினார் என்பது நமக்குக் கிடைத்த பேறு.

ஆகவே, புலிகளை எண்ண வேண்டியவர் சாம்பியனின் கம்பியைத் தேர்ந்தெடுக்கட்டும். காட்டுக்காகப் பேச வேண்டியவருக்கு, தாம் அங்கே நின்று பார்த்ததைத் தவிர வேறு மூலதனம் கிடையாது. அவருக்கு நான் கிருஷ்ணனின் வழியையே பரிந்துரைப்பேன். 1950இல் கல்கத்தா நாளிதழ் ஒன்றில் தொடங்கிய இயற்கைப் பத்தியை அவர் 46 ஆண்டுகள் நிறுத்தாமல் எழுதினார். கடைசிப் பத்தி, அவர் மறைந்த 1996 பிப்ரவரி 18 அன்று அச்சில் வந்தது.